பதில் சொல்ல ஒரு ஆள்

"தம்பி, நீ பி.காம். படிச்சவன். பத்திரிகையில எல்லாம் எழுதுற. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. இவன் வாங்குற சம்பளம் நெசமா, பொய்யா?"

துறையூரிலிருந்து அக்கா போனில் கேட்ட கேள்வி. இரவு ஒன்பதரை மணி. குரலில் கோபம் இல்லை. அழுகைக்கு முந்தின ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா மகன் சாஃப்ட்வேர் இன்ஜினீயர். திருச்சியில் படித்தான். சென்னை ஓ.எம்.ஆரில் சில வருஷம் வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது தோளில் ஒரு பையோடு துறையூர் வந்தவன், திரும்பிப் போகவே இல்லை. மாடி ரூமில் ஒரு மேஜை, இரண்டு மானிட்டர், ஒரு இன்வெர்ட்டர். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு புரோகிராம் எழுதுகிறான். நல்ல சம்பளம் என்று அக்கா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

முசிறியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா ரிட்டயர்டு தலைமை ஆசிரியர். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்தவர், காபி குடித்துக்கொண்டே தன்மையாகக் கேட்டிருக்கிறார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. பே ஸ்லிப் ஏதாவது இருந்தா பார்க்கலாமா?"

"பே ஸ்லிப் கிடையாது அங்கிள். வாலட்ல வந்துடும்."

"எந்த பேங்க்?"

"பேங்க் இல்லை அங்கிள்... கிரிப்டோ."

ஆசிரியர் காபி டம்ளரைக் கீழே வைத்தாராம். "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்" என்பது போன தலைமுறை வசனம். இப்போது "போன் பண்றோம்". பண்ணவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறினேன். மண்ணச்சநல்லூர் தாண்டும்போது ரைஸ் மில்களிலிருந்து நெல் அவிக்கும் வாசனை. சம்பளம் என்கிற வார்த்தையையே சம்பா நெல், அளத்து உப்பு என்று பிரித்துச் சொல்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. கூலி என்றாலும் கூலம், அதாவது தானியம் என்பார்கள். நெல்லையும் உப்பையும் கையில் வாங்கியவனிடம் போய், இது நெசமா பொய்யா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பானையில் போட்டால் தெரிந்துவிடும்!

திருவெள்ளறை, புலிவலம், துறையூர். அக்கா வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் பெருமாள்மலை தெரியும். அங்கே நின்றுகொண்டுதான் பையன் எனக்குப் பாடம் எடுத்தான்.

"மாமா, வாலட்னா பர்ஸ்னு நினைச்சுக்காதீங்க. அதுக்குள்ள காசே கிடையாது."

அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஊர் நடுவே லட்சக்கணக்கில் கண்ணாடி உண்டியல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். யார் வேண்டுமானாலும் காசு போடலாம். எதில் எவ்வளவு இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கலாம். யாருடைய உண்டியல் என்று மட்டும் எழுதியிருக்காது. எந்த உண்டியலிலிருந்து எதற்குக் காசு போனது என்கிற கணக்குப் புத்தகத்தின் நகல், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. ஒருவர் தன் நகலைத் திருத்தினாலும் மற்றவர்களின் நகல் காட்டிக் கொடுத்துவிடும். உண்டியலைத் திறக்க ஒரு சாவி. சாவியோடு வருகிறவரை, "நீங்கள்தான் சொந்தக்காரரா?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். சாவி யாரிடமோ அவரே சொந்தக்காரர்.

அந்தச் சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்கிற இடத்துக்குத்தான் வாலட் என்று பெயர்.

சாவி என்பது மிக நீளமான ஒரு எண். மனுஷனால் அதை மனப்பாடம் செய்ய முடியாது. அதனால் அதைப் பன்னிரண்டு வார்த்தைகளாக மாற்றித் தருகிறார்கள். சில வாலட்களில் இருபத்துநாலு. மொத்தம் 2,048 வார்த்தைகள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து பொறுக்கிய சாதாரண ஆங்கில வார்த்தைகள். அந்தப் பட்டியலில் 'ரைஸ்' உண்டு, 'சால்ட்' உண்டு, 'மதர்' உண்டு, 'அங்கிள்'கூட உண்டு. ஜப்பானிய மொழியிலும் கொரிய மொழியிலும் ஸ்பானிஷிலும் அதே மாதிரி பட்டியல்கள் இருக்கின்றன. தமிழில் இல்லை.

பையன் அந்தப் பன்னிரண்டையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, சர்டிஃபிகேட் ஃபைலுக்குள் வைத்திருந்தான்.

"வேற யாருக்குடா தெரியும்?"

"யாருக்கும் தெரியாது மாமா. தெரியக்கூடாது. அதான் ரூல்."

படிக்கட்டில் அக்கா காபியோடு நின்றுகொண்டிருந்தாள். அடுத்து கேட்க நினைத்ததை நான் கேட்கவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அவனுக்கு வேறு ஒரு கதை சொன்னேன். ஸ்டெஃபான் தாமஸ் என்று ஒரு புரோகிராமர். ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவில் சான்ஃபிரான்சிஸ்கோவில் குடியேறியவர். பிட்காயின் என்றால் என்ன என்று விளக்கும் ஒரு அனிமேஷன் வீடியோ தயாரித்ததற்காக, 2011-ல் அவருக்கு 7,002 பிட்காயின் கூலியாகக் கிடைத்தது. அன்றைக்கு ஒரு காயின் சில டாலர்கள்தான். சாவியை ஒரு சின்ன கருவிக்குள் பூட்டிவைத்தார். அதன் பாஸ்வேர்டை எழுதிவைத்த காகிதம் எங்கோ தொலைந்துவிட்டது. அந்தக் கருவி பத்து முறைதான் வாய்ப்பு தரும். பத்தும் தப்பானால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். 2021 ஜனவரியில் அவர் கதை உலகப் பத்திரிகைகளில் வந்தபோது எட்டு வாய்ப்புகள் தீர்ந்திருந்தன. அன்றைய விலையில் உள்ளே இருந்தது ஏறக்குறைய 22 கோடி டாலர். நம் கணக்கில் சுமார் 1,600 கோடி ரூபாய்.

இதில் என்னை உலுக்கியது தொகை இல்லை. அந்த மனிதர் வேலை செய்தார், கூலி கொடுத்துவிட்டார்கள், யாரும் ஏமாற்றவில்லை, யாரும் திருடவில்லை. உண்டியல் அதோ கண்ணெதிரே இருக்கிறது. உள்ளே பணமும் தெரிகிறது. "சாமி, இது என்னுதுதான், நாலு பேரைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வரேன்" என்று முறையிட ஒரு மேனேஜர் கிடையாது. ஏ.டி.எம். கார்டு தொலைந்தால் நாம் எரிந்து விழுகிறோமே, அந்த கஸ்டமர் கேர் பெண்ணின் அருமை இங்கேதான் தெரிகிறது.

பையன் விடவில்லை. இந்தத் தலைமுறைக்கு வாதம் நன்றாகவே வருகிறது.

"மாமா, மேனேஜர் இருந்தா மட்டும்? 2016 நவம்பர் எட்டாம் தேதி ராத்திரி அம்மாவோட அரிசிப் பானைப் பணம் என்னாச்சு?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பால் காசிலும் வெங்காயக் காசிலும் மிச்சம் பிடித்து, அத்தானுக்கே தெரியாமல் சேர்த்துவைத்திருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். அன்று ராத்திரி எட்டு மணிக்கு டி.வி.யில் அறிவிப்பு வந்த பிறகு, அந்த ரகசியத்தை அவள் கணவர் முன்னால் கொட்ட வேண்டியிருந்தது.

"நோட்டுல கவர்னர் கையெழுத்துப் போட்டு 'தருகிறேன்'னு உறுதி சொல்றாரு. ஒரே ராத்திரியில செல்லாதுன்னும் சொல்றாங்க. அந்த உறுதிக்கு என்ன மாமா அர்த்தம்? இங்க யாரையும் நம்ப வேண்டியதில்லை. கணக்கு இருக்கு, சாவி இருக்கு. முடிஞ்சுது."

நியாயமான கேள்விதான். பிட்காயினே அந்தக் கோபத்தில் பிறந்ததுதான். 2008-ல் அமெரிக்க வங்கிகள் சரிந்து உலகமே தள்ளாடிக்கொண்டிருந்த நேரத்தில், அக்டோபர் 31-ம் தேதி சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவர் அந்தத் திட்டத்தை வெளியிட்டார். 2009 ஜனவரி 3-ம் தேதி உருவான முதல் கணக்குப் பக்கத்திலேயே, வங்கிகளைக் காப்பாற்ற பிரிட்டிஷ் அரசு மறுபடி பணம் கொட்டப்போகிறது என்ற அன்றைய லண்டன் செய்தித்தாள் தலைப்பைப் பொறித்துவைத்தார். வங்கிக்காரர்கள் சூதாடுவார்கள், நஷ்டத்தை ஜனங்கள் கட்டுவார்கள்... இதற்கு ஒரு மாற்று வேண்டும் என்ற எண்ணம் அது. அதைக் கேலி செய்ய நான் தயாரில்லை.

நமக்கும் வங்கி சரிந்த அனுபவம் உண்டு. 1906 அக்டோபர் 22-ம் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. வெள்ளைக்காரன் கம்பெனி, அசைக்க முடியாதது என்று நம்பி, பென்ஷன் வாங்கியவர்கள், விதவைகள், மிராசுதார்கள் என எல்லோரும் பணம் போட்டிருந்தார்கள். போனது போனதுதான்.

ஆனால், அதற்குப் பிறகு நடந்ததையும் பார்க்கவேண்டும். சர் ஜார்ஜ் அர்பத்நாட் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டார். வெள்ளைக்கார ஆட்சியிலேயே அந்த வெள்ளைக்காரருக்கு பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது. அந்த அடியில் விழித்துக்கொண்ட வி.கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள், நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று கிளம்பி, 1907 ஆகஸ்ட் 15-ம் தேதி இந்தியன் வங்கியைத் திறந்தார்கள். 1960-ல் கேரளாவின் பாலாய் சென்ட்ரல் வங்கி கவிழ்ந்தது. அதன் பிறகு 1962-லிருந்து டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் வந்தது. 2020-ல் அந்த வரம்பை ஐந்து லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள்.

"உங்க அம்மாவோட அரிசிப் பானைப் பணத்துக்கும் அப்படித்தான்டா. வெயிலில் நாலு நாள் வரிசையில் நின்னா. அவமானம்தான், அநியாயம்தான். ஆனா, நிக்கறதுக்கு ஒரு வரிசை இருந்துச்சு. வரிசையோட முடிவுல ஒரு கவுன்ட்டர் இருந்துச்சு. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தான்."

நம்பிக்கை உடையும். உடையாத நம்பிக்கை உலகத்தில் கிடையாது. உடைந்த பிறகு யாரைப் போய்க் கேட்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

யாரையும் நம்ப வேண்டாம் என்கிற கிரிப்டோ உலகத்தில் மட்டும் மனிதர்கள் யாரையும் நம்பாமல் இருக்கிறார்களா என்ன? பன்னிரண்டு வார்த்தைகளைத் தாங்களே காப்பாற்றப் பயந்து, பெரும்பாலானவர்கள் எக்ஸ்சேஞ்ச் என்கிற கம்பெனிகளிடம் சாவியைக் கொடுத்துவைக்கிறார்கள். கனடாவில் குவாட்ரிகா என்று ஒரு எக்ஸ்சேஞ்ச். அதன் முதலாளி ஜெரால்டு காட்டன் 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில் இறந்துபோனார். சாவிகள் அவருக்கு மட்டும்தான் தெரியும் என்றார்கள். நாமினி கிடையாது! பிறகு கனடாவின் அதிகாரிகள் தோண்டிப் பார்த்தபோது, அவர் உயிரோடு இருந்தபோதே வாடிக்கையாளர் பணத்தில் விளையாடியிருப்பது தெரிந்தது. யாரையும் நம்பவேண்டாம் என்று வந்த அத்தனை ஆயிரம் பேரும், கடைசியில் ஒரே ஒரு ஆளை நம்பியிருந்தார்கள்.

"அது கனடா மாமா" என்றான்.

சரி, நம்ம ஊர். கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு போட்டு, சாவிகளை வேறு வேறு ஆட்களிடம் கொடுத்துவைப்பதில்லையா, அதே மாதிரி பல சாவி போட்ட வாலட்கள் உண்டு. இந்தியாவின் பெரிய எக்ஸ்சேஞ்ச்களில் ஒன்றான வாசிர்எக்ஸ் அப்படித்தான் வைத்திருந்தது. 2024 ஜூலை 18-ம் தேதி அந்த வாலட்டிலிருந்தே சுமார் 2,000 கோடி ரூபாய் பெறுமான காயின்களைத் திருடிவிட்டார்கள். வடகொரியக் கும்பலின் வேலை என்று அமெரிக்காவும் ஜப்பானும் தென்கொரியாவும் பின்னால் அறிவித்தன. வடகொரியாவில் போய் எந்தக் கவுன்ட்டரில் நிற்பது?

அங்கே கணக்கு வைத்திருந்த ஒருவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். திருட்டுக்கு ஆறு மாதம் முன்பு, சுமார் இரண்டு லட்சம் ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி என்ற காயின் வாங்கியிருந்தார். திருடுபோனது வேறு வகைக் காயின்கள். ஆனாலும் இவர் கணக்கும் முடங்கிவிட்டது. நஷ்டத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்றது கம்பெனி. 2025 அக்டோபரில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அவருக்குப் பாதுகாப்பு கொடுத்துத் தீர்ப்பளித்தார். கிரிப்டோ, கையால் தொடக்கூடிய பொருள் இல்லை, கரன்ஸியும் இல்லை, ஆனாலும் அது சொத்துதான். ஒருவருக்கு உரிமையான அதை, இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்பது தீர்ப்பின் சாரம்.

பாருங்கள், யாரையும் நம்பத் தேவையில்லாத பணம், கடைசியில் ஹைகோர்ட் வாசலில் வந்து நிற்கிறது. நம்பிக்கைப் பொறுப்பு என்று நீதிபதி சொன்ன பிறகுதான் அதற்கு உயிர் வருகிறது!

இவ்வளவு நேரம் அத்தான் ஒரு வார்த்தை பேசவில்லை. உப்பிலியபுரம் ரோட்டில் அவருக்கு மூன்று ஏக்கர். சின்ன வெங்காயமும் நெல்லும். பையன் அப்போதுதான் லேப்டாப்பைத் திறந்து ஒரு மெயிலைக் காட்டினான். அக்காவின் கவலை பே ஸ்லிப். அவனுடைய கவலை இதுதான்.

இதுவரை அவனுக்கு மாதம் 2,500 டாலர். அதில் முக்கால் பங்கு டாலர் காயினாக வரும். அதாவது, ஒரு காயினுக்கு எப்போது வேண்டுமானாலும் ஒரு டாலர் என்று அதை வெளியிடுகிறவர்கள் சொல்வார்கள். மீதி கால் பங்கு, கம்பெனியே வெளியிடுகிற சொந்த டோக்கன். இப்போது கம்பெனி கேட்கிறது: 'அடுத்த மாதத்திலிருந்து முழுச் சம்பளத்தையும் நம் டோக்கனிலேயே வாங்கிக்கொள்கிறாயா? இருபத்தைந்து சதவிகிதம் அதிகம் தருகிறோம். ஒரு வருஷம் விற்கக்கூடாது. நாமெல்லாம் ஒரே குடும்பம்!'

2,500 இருக்கும் இடத்தில் 3,125. அவனுக்குச் சபலம்.

"கிரீஷ் மாத்ருபூதம் நம்ம திருச்சிக்காரர்தானே மாமா. 2021-ல ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்க நாஸ்டாக்ல லிஸ்ட் ஆனப்ப, அங்க வேலை பார்த்தவங்க ஐந்நூறு பேருக்கு மேல கோடீஸ்வரன் ஆனாங்க. அவங்க கம்பெனியை நம்பினாங்க. நானும் நம்பினா என்ன தப்பு?"

நான் பி.காம். மூளையோடு பதில் தயார் பண்ணுவதற்குள் அத்தான் முந்திக்கொண்டார்.

"ஏம்ப்பா, போன வருஷம் நம்ம காட்டுல வெங்காயம் பறிக்க ஆள் வந்தாங்கல்ல. சாயங்காலம் கூலி குடுத்தேன். அன்னிக்கு வெங்காய விலை என்னன்னு பார்த்தா குடுத்தேன்?"

"இல்லப்பா."

"விலை ஏறுனா எனக்கு லாபம். விழுந்தா எனக்கு நட்டம். நட்டத்துல விழுந்த வருஷமும் அவங்க கூலியில ஒரு ரூவா நான் குறைக்கல. ஏன்னா, பறிச்சு முடிச்சாச்சு. அவங்க வேலை முடிஞ்சுது. காடு என்னுது, அதனால விலையும் என் தலையெழுத்து. 'அம்மா, கூலிக்குப் பதிலா வெங்காயமா வாங்கிக்க, ஒரு வருஷம் விக்காம பட்டறையில வை, விலை ஏறும்'னு சொன்னேன்னா அந்தம்மா என்னைப் பத்தி என்ன நினைக்கும்?"

மொட்டை மாடியில் யாரும் பேசவில்லை.

நான் மூன்று வருஷம் அக்கவுன்டன்ஸி படித்துத் தெரிந்துகொண்டதைவிட அதிகம் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. சம்பளம் என்பது முடிந்துபோன உழைப்புக்கான கடன். அந்தக் கடனைத் தீர்க்கும்போது, முதலாளி தன் எதிர்காலத்தையும் சேர்த்துத் தொழிலாளியின் தலையில் ஏற்றக்கூடாது. எதிர்காலத்தில் பங்கு கொடுப்பது நல்ல விஷயம்தான். அது சம்பளத்துக்கு மேலே வரவேண்டும், சம்பளத்துக்குப் பதிலாக இல்லை. ஃப்ரெஷ்வொர்க்ஸ்காரர்களுக்குப் பங்கு கிடைத்தது. மாதாமாதம் பேங்க்கில் சம்பளமும் விழுந்தது. வீட்டு வாடகையை அவர்கள் நாஸ்டாக்கை நம்பிக் கட்டவில்லை.

இது புதுப் பிரச்னையும் இல்லை. பிரிட்டனில் கூலிக்குப் பதிலாகச் சரக்கும், முதலாளி கடையில் மட்டும் செல்லுபடியாகும் சீட்டும் கொடுத்து வந்தார்கள். கூலியை நாணயமாகத்தான் தரவேண்டும் என்று 1831-ல் சட்டம் போட வேண்டியிருந்தது. 19-ம் நூற்றாண்டில் இலங்கையின் காபி வியாபாரத்தில், கொழும்பு கம்பெனிகள் தங்கள் பெயர் பொறித்த உலோக டோக்கன்களை அடித்து, கூலியாளுக்குக் கொடுத்திருக்கின்றன. அவை இன்று நாணயம் சேகரிப்பவர்களின் ஆல்பத்தில் இருக்கின்றன. டோக்கன் என்ற வார்த்தைகூட மாறவில்லை, பாருங்கள்!

நம் நாட்டில் 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடா சட்டம், கூலியை நடப்பு நாணயமாகவோ நோட்டாகவோ கொடு என்றது. 2025 நவம்பர் 21 முதல் அமலான புதிய ஊதியச் சட்டத் தொகுப்பும் நாணயம், நோட்டு, செக், வங்கிக் கணக்கு, எலெக்ட்ரானிக் பட்டுவாடா என்றுதான் பட்டியல் போடுகிறது. ஆனால் பையன், சட்டத்தின் கண்ணில் ஊழியனே இல்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்கு பில் போடும் கான்ட்ராக்டர். கம்பெனி ஏதோ ஒரு தீவில் பதிவாகியிருக்கிறது. ஆபீஸ் எங்கே என்று கேட்டேன். "எல்லாரும் வீட்லேர்ந்துதான் மாமா..." என்றான்.

'களத்துமேட்டில் அந்தக் காலத்தில் நெல்லாகத்தானே கூலி அளந்தார்கள், அதுவும் விலை ஏறி இறங்கும் சரக்குதானே' என்று சிலர் கேட்கலாம். அளந்தார்கள்தான். மரக்காலில் தலை தட்டி ஏமாற்றியவர்களும் உண்டு. ஆனால், நெல் விலை விழுந்தால் என்ன, அன்று ராத்திரி பொங்கிச் சாப்பிடலாம். டோக்கனைப் பொங்க முடியாது.

விழுந்தால் எப்படி விழும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2022 மே மாதத் தொடக்கத்தில் லூனா என்ற காயின் ஒன்று சுமார் 80 டாலர். ஒரே வாரத்தில் ஒரு சென்ட்டுக்கும் கீழே போய்விட்டது. அதோடு ஜோடி சேர்ந்திருந்த, 'என்றைக்கும் ஒரு டாலர்' என்று சொல்லப்பட்ட டெர்ரா காயினும் கூடவே கவிழ்ந்தது. ஆக, டாலர் காயின் என்றாலும், 'யார் சொன்ன டாலர்?' என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வருமான வரிக் கணக்கையும் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். வேலைக்குக் கூலியாக ஒரு லட்சம் ரூபாய் பெறுமான டோக்கன் கிடைத்தால், கிடைத்த அன்றைக்கே அது உன் வருமானம். ஒரு லட்சத்துக்கு வரி. ஒரு வருஷம் கழித்து விற்கும்போது விலை ஏறியிருந்தால், ஏறியதற்கு முப்பது சதவிகிதம் வரி. இருபதாயிரமாகக் குறைந்திருந்தால்? அந்த எண்பதாயிரம் நஷ்டத்தை வேறு எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது. 2022 பட்ஜெட் அப்படித்தான் வைத்தது. கைக்கு வராத காசுக்கு வரி கட்டியவன் ஆகிவிடுவாய்.

"அப்ப, என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

கிரிப்டோவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தன் சேமிப்பில் தொலைந்தாலும் தூக்கம் கெடாத ஒரு பகுதியை அதில் போடுவது அவரவர் விருப்பம். வங்கியே இல்லாத ஊரில் இருப்பவனுக்கும், அரசாங்கமே கணக்கை முடக்கிவிட்டவனுக்கும் இந்தச் சாவி பெரிய விடுதலையாக இருக்கலாம். ஆனால், துறையூரில் உட்கார்ந்து, மாதச் சம்பளத்தில் அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் தங்கையின் காலேஜ் ஃபீஸும் கட்டுகிறவனுக்கு அது வேறு கணக்கு. அவன் சம்பளம் அவனுடையது மட்டும் இல்லையே.

அன்று சாயங்காலமே மெயில் எழுதினான். 'என் சம்பளத்தை வங்கிக் கணக்குக்கு டாலராக அனுப்புங்கள். டோக்கன் தர விரும்பினால், அதற்கு மேல் போனஸாகத் தாருங்கள். நன்றி.' ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. வங்கி வழியாக அனுப்புகிறோம், ஐந்து சதவிகிதம் குறைத்துக்கொள்வோம் என்று. ஒப்புக்கொண்டான். இருபத்தைந்து சதவிகிதம் அதிகத்தை விட்டுவிட்டு ஐந்து சதவிகிதம் குறைவை எடுத்துக்கொண்டவன் பைத்தியக்காரனா, கெட்டிக்காரனா? அந்த டோக்கன் ஒருவேளை பத்து மடங்கு ஏறலாம். ஏறினால் என்னைத் திட்டுவான். திட்டட்டும். திட்டுவதற்கு நான் இருக்கிறேன் என்பதும் ஒரு பாதுகாப்புதானே?

முசிறியிலிருந்து இன்னும் போன் வரவில்லை. வரும் என்று அக்கா நம்புகிறாள். முதல் மாதச் சம்பளம் வந்து பாஸ்புக்கில் என்ட்ரி விழுந்ததும், அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாளாம். அவள் கேள்விக்கு நான் போனில் சொன்ன பதில் இதுதான்: "நெசம்தான்க்கா. கேட்டா பதில் சொல்ல ஒரு ஆள் இருக்குற வரைக்கும் நெசம்."

இதுவரை சேர்ந்த டோக்கனும் காயினும் அந்த வாலட்டில்தான் இருக்கின்றன. அதனால், அன்றைக்கு மாடியில் நான் கேட்காமல் விட்ட கேள்வியையும் ஊருக்குக் கிளம்பும்போது கேட்டுவிட்டேன். தனியாகக் கூப்பிட்டு, பஸ் ஸ்டாண்டில் வைத்து. "உனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, சர்டிஃபிகேட் ஃபைல்ல இருக்குற அந்தத் தாளை உங்கம்மா என்னன்னுடா நினைப்பா?"

கொஞ்ச நேரம் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த தடவை போனபோது அக்கா சொன்னாள். ஒரு ராத்திரி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பன்னிரண்டு வார்த்தையையும் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தானாம். "இதை யார்கிட்டயும் காட்டாதம்மா. யார் போன் பண்ணிக் கேட்டாலும், போலீஸ்னு சொன்னாலும், சொல்லாத. எனக்கு ஒண்ணுன்னா மாமாகிட்ட மட்டும் குடு." அவள் அதைக் கவரில் போட்டு ஒட்டி, பீரோவில் தன் கல்யாணப் புடவை மடிப்புக்குள் வைத்திருக்கிறாள்.

யாரையும் நம்ப வேண்டாம் என்றுதான் அந்த வாலட்டையே வாங்கினான். அதன் சாவி இப்போது அவன் அம்மாவிடம் இருக்கிறது.